ஐப்பசி இருட்டில் மொட்டை மாடியில் ஒரு பேய் விருந்து

பேய் விருந்து வைக்க முதலில் நாள் பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். வெளிநாட்டில் பேய் வேஷம் கட்டிக் கொண்டாடும் ஹாலோவீன் அக்டோபர் 31. ஆனால் நமக்கு அதற்கு முன்னே பின்னே தீபாவளி வந்து நிற்கும், 2024-இல் இரண்டும் ஒரே நாளில் வந்தன, யார் வீட்டிலும் ஆள் கிடைக்கவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வேலூரில் நம் நண்பர்களில் எத்தனையோ பேர் அன்று கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்கள், அந்த நாளில் பேய் வேஷம் கட்டிக்கொண்டு கூப்பிடுவது நன்றாகவே இருக்காது. தீபாவளிக்கு ஒரு வாரமாவது தள்ளி ஒரு சனிக்கிழமையை எடுங்கள். ஐப்பசியில் அடைமழை என்பது சும்மா சொன்னதில்லை, அதனால் மொட்டை மாடியில் எல்லாம் வைத்தாலும் கீழே ஹாலில் பாய் விரித்துத் தயாராக இருக்க வேண்டும்.

பேயை வரவழைக்கக் கடைக்குப் போகத் தேவையே இல்லை என்பதுதான் என் அனுபவம். பிளாஸ்டிக் எலும்புக்கூடும் பஞ்சுச் சிலந்தி வலையும் வாங்கிப் பார்த்தேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் புது வீடு கட்டும் இடத்தில் தொங்குமே, கோரைப்பல்லும் முறுக்கு மீசையுமாக முகம் வரைந்த திருஷ்டிப் பூசணி, அதில் ஒன்றை மாடிப்படி திரும்பும் இடத்தில் கட்டி, கீழேயிருந்து ஒரு சின்ன டார்ச் அடித்தால் போதும், ஏறி வருகிறவர் ஒரு படி பின்னால் போவார்.

வெளிநாட்டில் முகம் செதுக்கிய பரங்கிக்காய்க்குள் விளக்கு வைப்பார்கள். அயர்லாந்தில் அந்தக் காலத்தில் அதை டர்னிப் கிழங்கில்தான் செதுக்கினார்கள், அமெரிக்காவுக்குக் குடிபோன பிறகுதான் பரங்கிக்காய்க்கு மாறினார்கள். அவரவர் ஊரில் எது கிடைத்ததோ அது. நமக்குத் தேங்காய் இருக்கிறது! ஒரு தேங்காயை உடைத்துக் கண் இருக்கிற மூடியை எடுத்துக்கொள்ளுங்கள், பத்தையைத் துருவி எடுத்த பிறகு ஓட்டை வெயிலில் காயவையுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும், முளை வருகிற கண் அதுதான், ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தினாலே திறந்துகொள்ளும். மற்ற இரண்டும் கல் மாதிரி, டிரில் வைத்துத்தான் துளை போட முடியும். மெத்தென்ற கண் கீழே வருகிற மாதிரி திருப்பிப் பாருங்கள், இரண்டு கண்ணும் வாய் திறந்த ஒரு முகமும் அப்படியே உங்களைப் பார்க்கும். மேலே கொஞ்சம் நாரை விட்டுவைத்தால் தலைமயிர். இப்படிப் பத்துப் பன்னிரண்டு செய்து, கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்து, உள்ளே பேட்டரி விளக்கு போடுங்கள். எண்ணெய் விளக்கு வேண்டாம், நார் பற்றிக்கொள்ளும்.

பரங்கிக்காயும் செதுக்க ஆசை என்றால் அன்றைக்குக் காலையில் செய்யுங்கள், நம் ஊர் புழுக்கத்தில் இரண்டு நாளில் பூசணம் பூத்துவிடும். மூடியை மேலே வெட்டாமல் அடியில் வெட்டினால் விளக்கின் மேல் அப்படியே கவிழ்த்துவிடலாம். சுரண்டிய சதையைத் தூக்கிப் போடாதீர்கள், அல்வா ஆகும்.

புகைக்கு உலர்பனி, அதாவது டிரை ஐஸ், வாங்கலாமா என்று தம்பி முறை உள்ள ஒருவன் கேட்டான். அது மைனஸ் 78 டிகிரி, வெறுங்கையில் தொட்டால் தோல் புண்ணாகிவிடும், மூடிய அறையில் மூச்சு முட்டும். சிறுவர்கள் ஓடுகிற இடத்தில் எதற்கு அது? தூபக்காலில் நல்ல தணல் போட்டு ஒரு கை சாம்பிராணி தூவுங்கள், புகையும் வரும் வாசனையும் வரும். ஆஸ்துமா உள்ளவர்களைக் காற்று வரும் பக்கமாக உட்கார வையுங்கள்.

வேஷத்துக்குப் பழைய வெள்ளை வேட்டி, விரித்த தலை, முகத்தில் பவுடர், கண்ணுக்குக் கீழே மை, இவ்வளவுதான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன், அங்காளம்மன் வேஷமோ காளி வேஷமோ போடக் கூடாது. சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளையில் பாலாற்றங்கரைக்கு அந்த வேஷத்தோடு போகிறவர்கள் நேர்ந்துகொண்டு கட்டுகிறார்கள், அது அவர்களுக்கு விளையாட்டு இல்லை.

சாப்பாட்டில் கேழ்வரகுக் களியை விட்டுவிடாதீர்கள். உருண்டை கறுப்பாகப் பளபளவென்று வரும், அதில் வேகவைத்த முட்டையை வட்டமாக நறுக்கி இரண்டு கண் பதித்துக் கருவாட்டுக் குழம்பில் உட்காரவைத்தால், குழம்புக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். சப்ஜா விதையை ஊறவைத்து ரோஸ் மில்க்கில் போட்டுத் தவளை முட்டை என்று கொடுங்கள். மற்றபடி பெரியவர்களுக்கு ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் சொல்லிவிடுங்கள், பேய் விருந்தானாலும் வயிறு நிறைய வேண்டும்.

சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு விளையாட்டு. கண்ணைக் கட்டிவிட்டு, குளிர்ந்த இடியாப்பத்தைக் குடல் என்றும் தோலுரித்த திராட்சையைக் கண் என்றும் சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே விடுங்கள். நன்றாகப் படித்த ஆள்கூட அலறுவார்.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் கவனம். இரண்டு வருடத்துக்கு முன் என் அக்கா மகனுக்கு ஐந்து வயது, மாடிப்படி இருட்டில் அந்தப் பூசணி முகத்தைத் திடீரென்று பார்த்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான், ஒரு வாரம் பாத்ரூமுக்குத் தனியாகப் போகவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. இப்போதெல்லாம் பொழுது சாய்வதற்கு முன்பே பொடிசுகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன், தேங்காய் விளக்கை அவர்களே ஏற்றட்டும் என்று விடுகிறேன். தங்கள் கையால் ஏற்றியதைக் கண்டு அவர்கள் பயப்படுவதில்லை. இதய நோய் உள்ள பெரியவர்கள் வந்தால் பின்னாலிருந்து கத்துவது, தோளைத் தொடுவது எதுவும் கூடாது. பக்கத்து வீட்டிலும் இரண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

அப்புறம் கதை. எல்லாம் இதற்காகத்தான். எட்டரை மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள், செல்போன்களை ஒரு கூடையில் போடச் சொல்லுங்கள், வீட்டில் வயதில் மூத்தவருக்கு நல்ல நாற்காலியைக் கொடுங்கள். எங்கள் பெரியம்மா கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிச் சொல்லும்போது குரலை உயர்த்தவே மாட்டார், இறக்கிக்கொண்டே போவார், கேட்கிறவர்கள் தாங்களாகவே நெருங்கி உட்காருவார்கள். ராத்திரி ஏரிக்கரையில் அவருடைய அப்பா பார்த்த நெருப்பு, அது கிட்டே போகப் போக விலகிப் போனது, அவ்வளவுதான் கதை. அதே நேரம் காட்பாடி ஜங்ஷன் பக்கமிருந்து ஒரு ரயில் ஊதியது, மாடியில் இருந்த இருபது பேரும் சேர்ந்து துள்ளினோம்.

பையன்கள் வேலூர்க் கோட்டைப் பேய் என்று ஆரம்பிப்பார்கள். அங்கே புதிதாகப் பேய் எதையும் கட்ட வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தது, காலையிலேயே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சேர்ந்தது, சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டது. நாம் மாலையில் காற்று வாங்கப் போகிற அதே அகழி, அதே மதில். மெதுவாகச் சொன்னால் யாரும் பேச மாட்டார்கள்.

கடைசிக் கதை முடிந்ததும் சட்டென்று விளக்கைப் போடாதீர்கள். இரண்டு நிமிஷம் சும்மா இருக்க விடுங்கள், பிறகு சுக்குக் காபியைக் கொண்டுவாருங்கள், அதற்குள் யாராவது ஒருவர் "எங்க ஊர்லயும் ஒண்ணு நடந்துது" என்று தொடங்குவார். கிளம்பும்போது குழந்தைக்கு ஒரு தேங்காய் விளக்கைக் கையில் கொடுத்து, டார்ச்சோடு வண்டி வரைக்கும் கூடவே போய் ஏற்றிவிட்டு வாருங்கள்.