தூண்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை

புதுச்சேரி இருதய ஆண்டவர் பசிலிக்காவின் உட்புறத்தை 4×5 அங்குல ஃபிலிம் போடும், லென்ஸைத் தனியாக நகர்த்தக்கூடிய வியூ கேமராவில் எடுத்தேன். இல்ஃபோர்டு எச்பி5 என்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிம், லென்ஸின் துளை எஃப்/22 என்ற சிறிய அளவில். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் 30 விநாடி திறந்து வைக்கச் சொன்னது, அதையே கொடுத்தேன். கழுவிப் பார்த்தால் சன்னல் கண்ணாடியில் உள்ள புனிதர்கள் மட்டும்தான் தெரிந்தார்கள். தூண்களுக்குப் பின்னால் நெகட்டிவ் எதுவும் பதியாமல் வெறும் கண்ணாடிபோலத் தெளிந்து கிடந்தது. மனசு விட்டுப்போச்சு.

மீட்டரில் தப்பில்லை. வெளிச்சம் மங்கி நேரம் நீள நீள, ஃபிலிமின் உணர்திறன் குறைந்துகொண்டே போகும். எச்பி5க்கு, மீட்டர் சொல்லும் விநாடியை 1.31 என்ற அடுக்குக்கு (கணக்கில் சொல்லும் ‘பவர்’) உயர்த்த வேண்டும். 30 என்பது 86 ஆகிவிடும். மறுமுறை 86 விநாடி கொடுத்தேன். தூணடியில் கிடந்த பெஞ்சின் மரவரி வரை விழுந்திருந்தது! அவ்வளவு நேரம் எதுவும் அசையாமல் இருக்க, கோவில்பிள்ளை (தேவாலயப் பணியாளர்) மின்விசிறிகளை நிறுத்திக் கொடுத்தார். அந்த உதவியை மறக்க மாட்டேன்.

டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சன்னல் வெளுத்துவிடும். இரண்டு ஸ்டாப் இடைவெளியில், அதாவது ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தை நான்கு மடங்கு மாற்றி, ஐந்து படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறேன்.

எந்தக் கேமராவானாலும் அண்ணாந்து பிடிக்காதீர்கள், தூண்கள் உள்ளே சாயும். ரசமட்டம் வைத்து கேமராவை நேராக நிறுத்தி, லென்ஸை மட்டும் மேலே நகர்த்துங்கள். டிஜிட்டலில் அதற்கு, இப்படி நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் வேண்டும்.