சீக்குக் காலத்தில் வீட்டைக் கையில் எடுக்கும் ஆண்கள் தவறும் இடங்கள்

2021 மே மாதக் கடைசியில் தினசரி கொரோனா தொற்றில் கோயமுத்தூர் சென்னையையே தாண்டியது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. காலையில் ஷிப்டுக்குப் போய் ராத்திரி திரும்பியே பழகிய நாங்கள், பகல் முழுக்க வீட்டில் இருந்தோம். அப்போதுதான் என் மனைவிக்குத் தொற்று உறுதியானது. உள்ளறையில் அவள், வெளியே நான், இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய் உள்ள என் அம்மா. அந்தப் பதினான்கு நாளில் நான் செய்த தவறுகளையும், பிறகு சொந்தக்காரர் வீடுகளில் பார்த்ததையும் எழுதுகிறேன். அடுத்து வருவது டெங்குவாகக்கூட இருக்கலாம்.

என் பெரிய தவறு, எல்லாவற்றையும் படுத்திருப்பவளிடமே கேட்டது. "பருப்பு எந்த டப்பாவுல?" "அம்மாவுக்கு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" கதவுக்கு வெளியே நின்று கேட்பேன், அவள் இருமிக்கொண்டே சொல்லுவாள். அடுப்படியில் நின்றது நான், வீட்டை நடத்தியது காய்ச்சலில் கிடந்தவள். இது எனக்கு உறைக்க மூன்று நாள் ஆனது. அப்புறம் ஒரு நோட்டுப் போட்டேன்: யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, கேஸ் எப்போது பதிய வேண்டும், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எத்தனை மணிக்கு. எல்லோரும் நன்றாக இருக்கும்போதே இதை எழுதி வைத்துவிடுங்கள்.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எடுத்த கணக்கு. நாளைக்கு என்ன சமைப்பது, எது தீர்ந்துபோகும் என்று மனசுக்குள் ஓடிக்கொண்டே இருப்பதை எந்த நிமிடத்தில் சேர்ப்பது?

இரண்டாவது தவறு எங்கள் பக்கத்து வீடுகளில் நிறைய நடக்கும். பாத்திரம் கழுவப் போனால் அம்மா வந்துவிடுவார். "ஆம்பளப் பையன் வட்டல் கழுவறதா? வெச்சிட்டுப் போ கண்ணு." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த வீட்டில் தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து அவருக்குத்தான். நோயாளியின் தட்டையும் துணியையும் அவரிடம் விட்டுவிட்டு நாம் ஒதுங்கக் கூடாது. பன்னிரண்டு வயது மகளிடம் தள்ளுவது அதைவிட மோசம். "இருக்கட்டுங்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி அன்றே கழுவிவிட வேண்டும். மறுநாள் அவர் கேட்க மாட்டார்.

அறைக்குள் போவது ஒரே ஆளாக இருக்கட்டும். மூக்குக்குக் கீழே இறங்கிய முகக்கவசம் பயன் தராது. டீக்கடைக்குப் பத்து நிமிடம் போய் வருவதும் அந்த நாட்களில் வேண்டாம்.

அடுத்தது, எண்ணைத் தவறாகப் படிப்பது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் ஆக்சிமீட்டரைப் போடுவதற்கு முன் நோயாளி ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நகப்பூச்சு இருந்தாலும் விரல் சில்லென்று இருந்தாலும் எண் தவறும். கொரோனாவில் மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்சிஜன் இறங்கலாம். 94-க்குக் கீழே போனால் "காலைல பார்த்துக்கலாம்" என்று தூங்கப் போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டெங்குவில் இதற்கு நேர்மாறாக ஏமாறுவோம். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைப்போம். பெரும்பாலும் அதற்கடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரணச் சோர்வு, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிதான். டெங்கு சந்தேகம் இருக்கும்போது வலிக்கென்று ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கூலி நின்றுபோன கவலையைப் பிள்ளைகள் மேல் காட்டுவதும் நடக்கும், நானும் கத்தினேன். யாரிடமும் பேச முடியாவிட்டால் அரசின் சுகாதார உதவி எண் 104-க்குப் பேசலாம்.

கடைசியாக, நெகட்டிவ் வந்த மறுநாளே அவளை அடுப்படிக்கு அனுப்புவது. சோர்வு வாரக்கணக்கில் இருக்கலாம். என் மனைவிக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குவது நிற்க ஏழு வாரம் ஆனது. அதற்குள் கம்பெனி திறந்துவிட்டது. காலையில் அரிசியும் பருப்பும் ஆக்கி வைத்துவிட்டே ஷிப்டுக்குப் போனேன். அம்மாவின் மாத்திரைக் கணக்கு இன்றும் என் கையில்தான் இருக்கிறது.