துத்தநாக மின்கலத்துக்குப் பூச்சு இடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவர்கள் துத்தநாகத் தகட்டுக்குப் பூச்சு இடுவதைச் சென்ற மாதம் அருகிலிருந்து பார்த்தபோது, தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் ஒன்று விடாமல் செய்வது தெரிந்தது. தகட்டை அசிட்டோனால் துடைக்க மறப்பது போன்றவை ஒரு முறை திட்டு வாங்கினால் திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

மின்னழுத்தம் தாழ்ந்ததும் மகிழ்வது

இந்தத் தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. நீர் தகட்டை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றுவதையும், மின்னேற்றும்போது துத்தநாகம் ஊசிகளாகப் படிவதையும் தடுக்கவே பூச்சு இடுகிறோம். அதன் ஆயுளை அறிய, இருபுறமும் துத்தநாகத் தகடு, நடுவில் கண்ணாடி இழைத் தாள், துத்தநாக சல்பேட் கரைசல் என ஒரு கலம் அமைத்து, மின்னோட்டத்தை மாறி மாறித் திருப்பி மின்னழுத்தத்தைப் பதிவு செய்வது வழக்கம். கயோலின் களிமண் பூசிய என் கலத்தில், மூன்றாம் வாரம் ஒரு நாள் மின்னழுத்தம் சட்டெனப் பாதியாகக் குறைந்து, அதன்பின் ஆடாமல் அசையாமல் ஓடியது. பூச்சு பக்குவப்பட்டுவிட்டது என்று நம்பிய நான், அந்த மணிக்கணக்கு முழுவதையும் ஆயுளில் சேர்த்துக் கருத்தரங்கு ஒன்றில் பேசியும் விட்டேன்.

உண்மையில் கலம் அன்றே செத்திருந்தது. டென்ட்ரைட் எனப்படும் அந்த ஊசி தாளைத் துளைத்து எதிர்த்தகட்டைத் தொட்டுவிட்டால், மின்னோட்டத்தின் பெரும்பகுதி அயனிகளை விட்டுவிட்டு ஊசி வழியாகவே போய்விடும். கருவிக்கு அது தெரியாது, மணியை எண்ணிக்கொண்டே இருக்கும். பிரித்துப் பார்த்தபோது வெள்ளைத் தாளில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தன. 8 மாத உழைப்பு வீணாயிற்று. மாறுமின்னோட்டத்துக்குக் கலம் காட்டும் தடையை அளக்கும் இம்பீடன்ஸ் அளவீட்டின் வரைபடத்தில் அரைவட்டம் மறைந்திருந்தாலோ, மின்னழுத்த வரைபடத்தின் வளைவுகள் நீங்கி வெறும் செவ்வகங்கள் எஞ்சியிருந்தாலோ உடனே ஐயப்பட வேண்டும். ஒருபுறம் தாமிரத் தகடு வைத்த கலத்தையும் உடன் ஓட்டுங்கள். ஊசி தொட்ட கலத்தில், படிந்த துத்தநாகத்தைத் திரும்ப எடுக்கும்போது மின்னழுத்தம் நாம் குறித்து வைத்த மேல் வரம்பை எட்டாமல் இழுத்தடிக்கும்.

தடித்த தகட்டில் சோதிப்பது

100 மைக்ரான் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு உண்டு. அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் 1 மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் பூச்சைப் புகழ்வது, தாமிரபரணியில் ஒரு குடம் மொண்டுவிட்டு ஆறு வற்றவில்லையே என்று வியப்பதைப் போன்றது. கயத்தாற்றுக் காற்றாலை மின்சாரத்தைச் சேமிக்கப்போவதாக முன்னுரையில் எழுதுகிறவர்கள், 10 அல்லது 20 மைக்ரான் தகட்டிலும் ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைசல்

வேண்டவே வேண்டாம்.

பூச்சைத் தடிப்பாக்குவது

காய்ந்ததும் குளத்துச் சேறுபோல் வெடிக்கும். அந்த வெடிப்பில்தான் ஊசி முளைக்கும்.

பூச்சில்லாத தகட்டை உடன் ஓட்டாதிருப்பது

சித்திரை வெயிலில், ஏ.சி. நின்றுபோன அறையில் ஓடிய கலத்தை மார்கழியில் ஓடிய பூச்சில்லாத கலத்தோடு ஒப்பிட முடியாது.