பிளக்ஸில் சினிமா வசனம்: வேலூர் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

சினிமா வசனம் வைத்து பிளக்ஸ் அடிக்கும் முன், கடை வாசலில் அரை மணி நேரம் நின்று போகிறவர் வருகிறவர் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். வேலூரில் இது ரொம்ப முக்கியம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஏராளம். தமிழ் காமெடி வசனம் அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. ‘மீன் குழம்பு, சாதம்’ என்று வங்காளியில் விலையோடு எழுதினால் போதும், உள்ளே வருவார்கள். காட்பாடியில் வி.ஐ.டி. பல்கலைக்கழகம் பக்கம் தெலுங்கும் இந்தியும் சேரும். அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் தமிழ் வசனம் நன்றாக எடுபடும்.

வசனத்தை மூன்று பேரிடம் சொல்லிப் பாருங்கள்: பள்ளிப் பையன், நடுவயது அம்மா, பெரியவர் ஒருவர். மூவரும் சிரித்தால் பிளக்ஸுக்கு. பையன் மட்டும் சிரித்தால் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு. சில வாரத்தில் பழசாகிவிடும். வசனத்துக்குள் உங்கள் சரக்கின் பெயர் வந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வசனம் நினைவில் நிற்கும், கடை நிற்காது.

நடிகர் படத்தைப் போடாதீர்கள். தன் பெயர், படம், குரலை அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ரஜினிகாந்த் தரப்பு 2023 ஜனவரியில் பொது அறிவிப்பே வெளியிட்டது. கடைக்குள் பாட்டு போடுவதற்கும் உரிமம் வேண்டும். காப்புரிமைச் சட்டம் கல்யாணத்துக்கும் மத விழாவுக்கும் தரும் விலக்கு கடைக்குக் கிடையாது.

இனி அச்சு. அதிகம் கெடுவது இங்கேதான். நீங்கள் போனில் அடித்து அனுப்புவது யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீடு. பல டிசைனர்கள் வைத்திருப்பது வேறு குறியீட்டில் இயங்கும் பாமினி என்ற பழைய எழுத்துரு. அப்படியே ஒட்டினால் எழுத்து வராது. அதனால் கையால் திரும்ப அடிப்பார்கள். ‘பரோட்டாக் கடை’யில் ஒற்று போகும், ‘பள்ளி’ ‘பல்லி’யாகும். யூனிகோட்டிலேயே ஒட்டினாலும், போட்டோஷாப்பில் இந்திய மொழி அமைப்பு போடாவிட்டால் ‘கொத்து’வின் கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தொங்கும். யூனிகோட்டைப் பாமினிக்கு மாற்றும் கருவியில் மாற்றித் தரச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் படத்தை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாகப் படியுங்கள்; கூடவே போன் நம்பரை ஒருமுறை டயல் செய்து பாருங்கள். லோகோவை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் மங்காது.

10 அடிக்கு 4 அடி பிளக்ஸில் எட்டு வார்த்தைக்கு மேல் வேண்டாம். பார்க்கிறவர் நிற்கும் ஒவ்வொரு 10 அடி தூரத்துக்கும் ஓர் அங்குல எழுத்து உயரம் என்று கணக்கு. 40 அடி அகல ரோட்டின் எதிர்ப்புறம் தெரிய, குறைந்தது 4 அங்குலம். மஞ்சளில் கறுப்பு எழுத்து தூரத்துக்குத் தெரியும். கறுப்பில் சிவப்பு மாலை ஆனதும் காணாமல் போகும்.

பிளக்ஸை உங்கள் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். ரோட்டோரம் கம்பம் நட்டு வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டும். 2019இல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். ஆடிக் காற்றில் ரீப்பர் மரச் சட்டத்தின் ஆணி கழன்றுவிடும். இரும்புச் சட்டம் போடுங்கள், ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டு.

வைகாசி முதல் தேதி, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று மட்டும் சினிமாவை விட்டுவிடுங்கள். நீர்மோர்ப் பந்தல் போட்டு, ஓரத்தில் சின்னதாகக் கடைப் பெயரை எழுதுங்கள்.