பழைய ஓட்டு வீட்டுக்கு வெளிப்பூச்சு: ஷேடு கார்டைக் கையில் எடுக்கும் முன்

குமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து குலசேகரம் போகும் வழியில் எங்கள் வீடு இருக்கிறது. தாத்தா கட்டியது. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே மங்களூர் ஓடு, அயனிப் பலகையில் செய்த கதவுகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதத்தில் அந்தச் சுவர்களுக்கு இளம்பச்சை எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்ட்) அடித்தோம். ஆகஸ்டில் மேற்குச் சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழும்பியது. ஒன்றை விரலால் அழுத்தினேன். உள்ளே இருந்த தண்ணீர் கையில் வழிந்தது. உரித்தபோது பெயின்ட் அப்பளம்போலக் கையோடு வந்தது; அதன் முதுகில், அம்மா கல்யாணமாகி வந்த காலத்திலிருந்து அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

நிறம் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் பேசினோம். சுவர் எதனால் ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. திருவட்டாறு, குழித்துறை, மார்த்தாண்டம் பக்கம் பழைய ஓட்டு வீடு வைத்திருக்கும் பலரும் இதே வரிசையில்தான் தொடங்குகிறார்கள். முதலில் நிறம், பிறகு பெயின்ட், கடைசியில் சுவர். இதைத் தலைகீழாக மாற்றினால் பாதிச் செலவு மிச்சமாகும். நிறத்தைப் பற்றிய குழப்பமும் தானாகக் குறையும்.

கொப்புளத்துக்குப் பிறகு வந்து பார்த்த கொத்தனார் பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஆணியை எடுத்துச் சுவரில் கீறினார். வெள்ளையும் மணலுமாகப் பொடி உதிர்ந்தது. "மக்களே, இது சுண்ணாம்புச் சாந்து. இதன் மேலே இந்தப் பெயின்ட் நிற்காது" என்றார். சிமென்ட் பூச்சாக இருந்தால் ஆணி வழுக்கும், கோடு சாம்பல் நிறத்தில் விழும். 1950, 60களுக்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான் இருக்கும். ஆனால் நடுவில் யாராவது பழுதுபார்த்திருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு பக்கத்துச் சுவரையும் தனித்தனியாகக் கீறிப் பார்க்க வேண்டும். அடுத்து உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல ஒட்டினால், அந்தப் பழைய வெள்ளையைச் சுரண்டி எடுக்காமல் எந்தப் பெயின்ட்டையும் அடிக்கக் கூடாது. பெயின்ட் சுவரைப் பிடிப்பதில்லை, அந்த மாவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஈரத்தை அறிய இன்னொரு வழி உண்டு. இரண்டடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை, நான்கு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் இன்னும் நீர் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். வெட்டுக்கல் தண்ணீரை உறிஞ்சும் கல். பழைய அடித்தளங்களில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது என்பதால் மண்ணிலிருந்தும் நீர் மேலே ஏறும். சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்ததை வெயிலில் வெளியே விட்டுவிடும். அப்படித்தான் இத்தனை ஆண்டுகள் நின்றிருக்கிறது. அதன் மேல் எமல்ஷன் ஒரு படலமாகப் படிந்தால் நீர் வெளியேறும் வேகம் குறைகிறது. வழி கிடைக்காத நீர், படலத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கூடவே உப்பும் பூக்கும். அந்தச் சுவரின் வெடிப்புகளைச் சிமென்டால் அடைப்பதும் இதே வகைத் தவறு. சிமென்ட் ஒட்டு இறுகி நிற்கும், சுற்றியுள்ள சாந்து நெகிழ்வாக இருக்கும். ஓரத்தில் மறுபடி விரிசல் விடும். சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தாலேயே அடைக்கச் சொல்லுங்கள்.

சிமென்ட் பூச்சுள்ள சுவர்களுக்கு எமல்ஷன் தாராளமாக அடிக்கலாம். அங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். புதிதாகப் பூசிய இடம் 28 நாள் காயட்டும், பிறகு பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். அவசரப்பட்டால் அந்த இடம் மட்டும் வெளிறித் திட்டாகத் தெரியும்.

இனி நிறம். சுண்ணாம்புச் சுவருக்கு மலிவானதும் பொருத்தமானதும் சுண்ணாம்புதான். நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய துணியில் வடிகட்டிப் பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்துக்கொண்டு, மெல்லியதாக மூன்று முறை அடிக்க வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு அது மறுபடி கல்லாக இறுகும். (கற்சுண்ணாம்பை வீட்டில் நீர்ப்பவர்கள் குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.) நிறம் வேண்டுமென்றால் கலக்கக்கூடியவை சில பொடிகள் மட்டுமே, ஏனென்றால் சுண்ணாம்பின் காரம் மற்றவற்றை வெளிறச் செய்துவிடும். செங்காவி, மஞ்சள் காவி முதலான இரும்பு ஆக்சைடுப் பொடிகள் காரத்தையும் தாங்கும், வெயிலையும் தாங்கும். அவை விலையும் குறைவு. பொடி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்; மிஞ்சினால் சாய்ந்து உட்காருபவர் சட்டையில் ஒட்டும்.

எமல்ஷன் அடிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு ஏறத்தாழ இதேதான். அழுத்தமான ஊதா, ரோஜா, பளீர் ஆரஞ்சு போன்ற நிறங்களுக்குச் சாயம் அதிகம் தேவை, விலையும் லிட்டருக்கு ஏறும், சுவர் மூடுவதற்கு ஒரு கோட் கூடுதலாகவும் கேட்கும். வெயில் விழும் பக்கத்தில் முதலில் வெளிறுவதும் இந்த நிறங்களே. சந்தனம், மண் மஞ்சள், செங்கல்லின் வெளிர் சாயை, மணல் நிறம் ஆகியவை இரும்பு ஆக்சைடு வழி வந்தவை என்பதால் நீண்ட நாள் நிற்கும். சுவர் ஏற்கும் நிறம், கைக்கு அடங்கும் நிறம், வெயிலில் நிற்கும் நிறம் என்று மூன்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் மண் நிறங்களே வந்தன.

களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் பஸ்ஸில் போகும்போது சாலையோரம் தெரியும் புதுக் கான்கிரீட் வீடுகளின் நிறத்தை அப்படியே கொண்டுவந்து ஓட்டு வீட்டில் அடிப்பது அடிக்கடி நடக்கிறது. அந்த வீட்டுக்குக் கூரை கண்ணில் படாது, சுவர்தான் முழு முகம். ஓட்டு வீட்டில் கண்ணுக்கு முதலில் தெரிவது ஓடு. அந்தச் சிவப்பை நீங்கள் மாற்றப் போவதில்லை, கதவின் மர நிறத்தையும் மாற்றக் கூடாது. இவை இரண்டோடும் ஒத்துப்போகும் ஒரு சுவர் நிறத்தைத்தான் தேட வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை எங்களுக்குப் பக்கம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அங்கேதான். 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் கேரள அரசுதான் அரண்மனையைப் பராமரிக்கிறது. அதன் வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் வெள்ளைச் சுவர், இருண்ட மரம், சிவந்த ஓடு என மூன்றே நிறம். அத்தனை பெரிய கட்டடத்துக்கே மூன்று போதுமானால், நம் வீட்டுத் தூணுக்கு ஒன்று, சன்ஷேடுக்கு ஒன்று, ஜன்னல் ஓரத்துக்கு ஒன்று என்று ஐந்தாறு நிறம் எதற்கு? ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு டப்பா வாங்கி, பாதி மீந்து, கட்டிலுக்கடியில் காய்ந்துபோகும்.

ஷேடு கார்டில் தீப்பெட்டி அளவுள்ள நிறத்தைக் கடையின் குழல் விளக்கில் பார்த்து முடிவு செய்தது எங்கள் அடுத்த தவறு. சுவர் அளவுக்கு விரியும்போது எந்த நிறமும் அழுத்தம் கூடித் தெரியும். கார்டில் சாதுவாக இருந்த எங்கள் இளம்பச்சை, ரப்பர் மரமும் பலாவும் தென்னையும் சூழ்ந்த முற்றத்தில் இலைகளின் பச்சையையும் வாங்கிக்கொண்டு, கண்ணைக் கூசச் செய்தது. பக்கத்தில் படிந்த பாசி ஒரு பச்சை, இது வேறு பச்சை. இப்போது யார் கேட்டாலும், உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள் என்கிறேன். கார்டை அதன் மேல் வைத்துக் கடைக்கு வெளியே வெயிலில் பார்க்க வேண்டும். இரண்டு நிறத்தில் சிறிய டப்பா வாங்கி, மேற்குச் சுவரிலும் நிழல் விழும் வடக்குச் சுவரிலும் இரண்டடிச் சதுரம் அடித்து, காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை பாருங்கள். எமல்ஷன் காய்ந்தால் சற்றே அழுத்தமாகும். சுண்ணாம்பு நேர்மாறு, ஈரத்தில் நன்றாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் பல மடங்கு வெளுத்துவிடும். ஈரத்தைப் பார்த்துப் பொடியைக் குறைத்தவர்கள் பிறகு வருத்தப்படுகிறார்கள்.

அடர் நிறங்கள் வெயிலை உறிஞ்சும். பிற்பகல் வெயிலில் காய்ந்த மேற்குச் சுவரில் திடீரென்று மழை விழும்போது பழைய பூச்சு விரிந்து சுருங்கி முடி விரிசல்கள் விடும். உள்ளறையும் கொதிக்கும்.

முழு வெள்ளை வேறு வகையில் ஏமாற்றும். முன்பு வெள்ளை நின்றதற்குக் காரணம், ஆண்டுக்கு ஒருமுறை அடித்தார்கள். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பாசி எளிதில் பிடிக்காது. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் அடிக்க முடியும் என்ற நிலையில் வெள்ளை எமல்ஷனைத் தேர்ந்தெடுத்தால் முதல் மழையிலேயே கீழே இரண்டடி உயரத்துக்குச் செம்மண் தெறித்து நிற்கும். இறவாணத்திலிருந்து, அதாவது கூரை விளிம்பிலிருந்து, விழும் தண்ணீர் தரையில் மோதி மண்ணோடு எழுந்து சுவரில் படும். பழைய வீடுகளில் அடிப்பகுதியில் அகலமாகக் காவிப் பட்டை அடித்திருப்பார்கள் அல்லவா? அழகுக்கு மட்டும் அடித்ததல்ல அது. தெறிக்கும் மண்ணின் நிறத்தையே அங்கே வைத்துவிட்டால் கறை தெரியாது. அந்தப் பட்டையை மீண்டும் கொண்டுவாருங்கள், தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி வரை. செங்காவியின் செலவு சொற்பம். தண்ணீர் விழும் வரிசையில் ஓரடி அகலத்துக்குச் சரளைக்கல் பரப்பிவிட்டால் தெறிப்பே பெருமளவு குறையும். எங்கள் வீட்டுக்கு இதுவரை செய்த செலவுகளில் மிக உபயோகமானது இந்தச் சரளைக்கல்தான்.

பணம் குறைவாக இருக்கும்போது, தெருவைப் பார்க்கும் முகப்புக்கு நல்ல பெயின்ட், பின்னாலும் பக்கவாட்டிலும் மலிவானது என்று பிரிப்பது வழக்கம். மழை தெருவைப் பார்த்துப் பெய்வதில்லை. ஜூன் முதல் அடி வாங்குவது தெற்கும் மேற்கும். நல்ல சரக்கு அங்கே போகட்டும். முகப்புத் திண்ணையின் உள்சுவர் கூரைக்குள் ஒதுங்கியிருக்கிறது, அதற்கு மலிவானதே போதும்.

அளவைக் கடைக்காரரிடம் விடாமல் நீங்களே போடுங்கள். 30க்கு 40 அடி வீட்டுக்குச் சுற்றளவு 140 அடி. சுவர் உயரம் 10 அடி என்றால் 1,400 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 200 கழித்தால் 1,200. வெளிப்பூச்சு எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரும். சொரசொரப்பான சுவருக்கு 50 என்றே வைத்துக்கொண்டால் 24 லிட்டர். ஒரு 20 லிட்டர் வாளி, ஒரு 4 லிட்டர் டப்பா. இரண்டையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி, அடிக்கும் முன் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். தனித்தனியாகக் கலந்தவற்றில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அது சுவரின் நடுவில் கோடாகத் தெரியும். தண்ணீர் சேர்க்கும் அளவு டப்பாவிலேயே இருக்கிறது. அதைப் பெயின்டரிடம் காட்டிவிட்டு முதல் வாளி கரைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வீடு புதிதாக இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் டிசம்பர் தொடக்கத்திலேயே பெயின்டர்கள் கிடைக்கமாட்டார்கள். ஆசை புரிகிறது. ஆனால் அக்டோபர், நவம்பர் மழையைக் குடித்துவிட்டு நிற்கும் சுவர் அது. முன்வாசலையும் ஜன்னல்களையும் மட்டும் டிசம்பரில் செய்யுங்கள், சுவரை ஜனவரி கடைசிக்குத் தள்ளுங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் எங்கள் ஊரில் சுவர் உண்மையில் காயும் காலம்.

ஜன்னல் கம்பி, பழைய மரச் சட்டம் ஆகியவற்றைச் சுரண்டும்போது மட்டும் தயவுசெய்து கவனமாக இருங்கள். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடெல்லாம் பறக்கும். தவழும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். நனைத்துத் தேய்த்து, விழுந்ததை ஈரத் துணியால் அள்ளிவிட வேண்டும்.

நாங்கள் பச்சையைச் சுரண்டி எடுக்கவே பதினோரு ஆள் கூலி ஆனது. ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே விட்டோம். அடுத்த பிப்ரவரியில் மஞ்சள் காவி கலந்த சுண்ணாம்பு மூன்று முறை, கீழே செங்காவிப் பட்டை. பிறகு வந்த இரண்டு மழையிலும் கொப்புளம் இல்லை. மேற்கில் நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, வரும் பிப்ரவரியில் அங்கே மட்டும் ஒரு முறை அடித்தால் போதும். கிணற்றடிச் சுவரில் பழைய இளம்பச்சை அப்படியே இருக்கிறது. அது பிற்காலத்தில் அப்பா சிமென்டில் கட்டியது. பெயின்ட் நன்றாகப் பிடித்திருப்பதால் அதை யாரும் தொடவில்லை.