அம்பாசடரின் ஆயில் கசிவு: முதலில் மூச்சுக்குழாயைப் பாருங்கள்

என் பழைய அம்பாசடர் (1489 சிசி பெட்ரோல்) நிறுத்திய இடமெல்லாம் ஆயில் சொட்டியது. எஞ்சினை இறக்க வேண்டும் என்றார்கள். தக்கலையில் ஒரு முதிய மெக்கானிக்தான், "ஓடும்போதே ஆயில் மூடியைக் கழத்திப் பாரு மக்களே" என்றார். குபுகுபுவெனப் புகை!

பிஸ்டனைத் தாண்டி இறங்கும் வாயு வெளியேற வழியில்லை. இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வெட்டிய திருகுப்புரிதான் ஆயிலை உள்ளே திருப்பும். உள்ளே அழுத்தம் ஏறினால் அது தாங்காது. எஞ்சினின் பக்கவாட்டு மூடியான டேப்பெட் கவரில், அந்த வாயு வெளியேறுவதற்கான மூச்சுக்குழாயைக் கழற்றினால், கரிக்களி கெட்டியாக அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, கவர்களின் கார்க் கேஸ்கெட்டையும் மாற்றினேன். போல்ட்டை வெறியோடு முறுக்காதீர்கள், கார்க் பிதுங்கிவிடும். இப்போதும் ஓரிரு சொட்டு விழும். அந்தப் புரிக்கு அது சகஜம்.