தலைவலியா? முதலில் ஒரு மாதக் காலண்டரை எடுங்கள்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மூன்று ஆண்டுகள் தலைவலியோடுதான் அந்த வேலையைப் பார்த்தேன். மருந்துக்கடையில் என் முகத்தைப் பார்த்ததுமே மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுவார்கள். இப்போது மாதத்தில் மூன்று நாள் வலித்தால் அதிகம். நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, எந்த வலி என்று பிரித்தறிவது. நெற்றியைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல் இரண்டு பக்கமும் அழுத்தினால், பெரும்பாலும் அது இறுக்கத் தலைவலி. விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல், மாடிப்படி ஏறினால் கூடுகிறதென்றால் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். பெயர்தான் ஒற்றை, இரண்டு பக்கமும் வரும். மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். எனக்கிருந்தது இதுதான். ஆனால் சைனஸ் என்று நம்பி இரண்டு மழைக்காலம் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். ஒற்றைத் தலைவலியிலும் மூக்கில் நீர் வடியும், கண் கலங்கும். காய்ச்சலோ கெட்டியான சளியோ இல்லாமல் அடிக்கடி வலித்தால், சைனஸ் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

கண்ணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. தலைவலி என்றதும் கண்ணைக் காட்டச் சொல்லாதவர் இங்கே இல்லை. எனக்குக் கண்ணில் குறையில்லை.

அடுத்ததுதான் நான் சறுக்கிய இடம். வலித்த நாளைக் குறித்துவையுங்கள் என்றார் மருத்துவர். தினசரி காலண்டர் தாளிலேயே குறித்தேன். விடிந்ததும் மாமியார் வழக்கம்போல் தாளைக் கிழித்துவிடுவார். என் கணக்கும் அதோடு போகும். ஆகவே மாதம் முழுவதும் ஒரே தாளில் தெரியும் காலண்டரை வாங்குங்கள். கைப்பேசிச் செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சமே ஆகாத நேரத்தில் திரையை உற்றுப் பார்க்கச் சொல்வது கொடுமை.

வலித்த நாளுக்கு நீலக் கோடு போடுங்கள். மாத்திரை போட்ட நாளுக்குச் சிவப்பு வட்டம். இந்தச் சிவப்பை விட்டுவிடாதீர்கள். முதல் மாதம் நான் நீலத்தை மட்டும் போட்டதால் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் மாதம் சிவப்பை எண்ணினேன்: 17.

பாராசிட்டமால், இபுபுரூஃபன் போன்ற தனி மருந்துகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். வலிக்கிறது என்று விழுங்குகிறோம், அதன் வேகம் குறைந்ததும் மறுபடி வலிக்கிறது, மறுபடி விழுங்குகிறோம். சளிக்கென்று போடும் மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்து, அதற்கும் வட்டம் போடுங்கள்.

மருத்துவரிடம் காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் மேற்பார்வையில் நிறுத்தினேன். முதல் வாரம் வலி முன்பைவிடக் கூடியது. பெரும்பாலும் பத்து நாளுக்குள் அடங்கும் என்று அவர் சொல்லியிருந்ததால்தான் பொறுத்தேன். நீங்களும் மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள். சில மருந்துகளைச் சட்டென்று விடக்கூடாது.

வலி வரும்போது? தண்ணீர் குடித்துவிட்டு இருட்டறையில் படுப்பேன், நெற்றியில் ஈரத்துணி. இறுக்கத் தலைவலிக்கு என்றால் பிடரியில் வெந்நீர் ஒத்தடம் நன்றாகக் கேட்கும். மாத்திரை போடுவதென்றால் வலி தொடங்கும்போதே போட வேண்டும். வாரத்தில் இரண்டு நாளைத் தாண்டாமல். மழைக்காலத்தில் காய்ச்சலோடு தலை வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடவே கூடாது.

மூன்று மாதத் தாள்களை வரிசையாக ஒட்டிப் பார்த்தபோது, நீலக் கோடுகள் சஷ்டி விரத நாட்களிலும், சரக்கு இறங்கி மதியச் சாப்பாடு நான்கு மணிக்குத் தள்ளிப்போன நாட்களிலும் குவிந்திருந்தன. முகூர்த்த நாட்களிலும்தான். அடைத்த மண்டபத்தில் மல்லிகை வாசம் எனக்கு ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது. மதுரையில் பிறந்தவளுக்கு அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. இப்போது ஒரு முழம் மட்டும், தளர்த்தியாக வைத்துக்கொள்கிறேன்.

காலண்டர் வேலைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாத தலைவலியும் உண்டு. இடி விழுந்ததுபோல் நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, கழுத்து விறைப்போடு காய்ச்சல், வாய் குழறல், கை கால் பலவீனம், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, கர்ப்ப காலத்தில் பார்வை மங்கலோடு வரும் வலி: உடனே 108-ஐ அழையுங்கள். 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் மாத்திரையோடு காபியையும் ஒரே நாளில் நிறுத்தி, மறுநாள் தலை தூக்க முடியாமல் கிடந்ததாக எழுதியிருந்தார். நாள்தோறும் குடித்துப் பழகியவர் சட்டென்று விட்டால் ஒரு நாளுக்குள்ளேயே வலி தொடங்கும். நாளைக்கு ஐந்து டம்ளர் குடிப்பவர் இந்த வாரம் நான்கு, அடுத்த வாரம் மூன்று என்று இறங்குங்கள். கடைசி டம்ளரைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.